குத்தாலத்துல வாங்குன மரச்செப்பு: 20 மாசம் வெளையாண்டதுக்கு அப்புறம் ஒரு ரிவியூ

பொதுவா பொம்மைக்கு ரிவியூ போடுறவங்க வாங்குன மறுநாளே போட்டுடறாங்க, புள்ள அதை வச்சு ஒரு மாசம் வெளையாண்டுச்சா இல்ல மூலைல கெடக்கானு யாரும் வந்து சொல்றதில்ல. நான் இந்த செப்பு சாமான் வாங்கி 20 மாசம் ஆச்சு. வாங்கும்போது சின்னவளுக்கு 2 வயசு 10 மாசம், இப்ப நாலரை. சரியா இந்த ரெண்டு வயசுக்கு நடுவுல ஒரு கொழந்தை மண்டைக்குள்ள என்ன நடக்குதுங்கறத இந்த மரப்பானைங்களை வச்சுத்தான் நான் கண்ணால பாத்தேன், அதனால இது பொம்மை ரிவியூவும்தான், அதைப் பத்தினதும்தான். கொஞ்சம் பெருசாப் போகும்.

மொதல்ல சாமான். சீசன்ல அருவிக்குப் போயிட்டுத் திரும்பும்போது ரோட்டோரக் கடைல வாங்குனது, 650 ரூவா, ஓலைக் கொட்டான்ல போட்டுக் குடுத்தாங்க. அடுப்பு, ரெண்டு பானை (ஒண்ணு செவப்பு ஒண்ணு பச்சை, ரெண்டுக்கும் மூடி உண்டு), இட்லிக் கொப்பரை, அம்மி, ஆட்டுரல், உரல் உலக்கை, திருகை, குடம், முறம், தோசைக்கல், கரண்டி, பூரிக்கட்டை, மூணு டம்ளர். எல்லாம் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் வேலை. மரத்தை மெஷின்ல சுத்த விட்டு அரக்குக் கட்டையை வச்சு அழுத்துனா அந்தச் சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல புடிச்சுக்கும், அதான் அந்தப் பளபளப்பு. வாங்கும்போது ஈரக் கைக்குட்டையால தேச்சுப் பாருங்க, சாயம் ஒட்டுனா வேணாம்னு வச்சிருங்க. எங்களுக்கு வந்ததுல குடம் மட்டும் சரியில்ல, ஒரு நாள் வாளித் தண்ணில ஊறி விளிம்பு வெடிச்சிருச்சு, சாயமும் கெளம்பிருச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. பானை மூடிக்கு மேல இருக்கற குமிழ் ரொம்பச் சின்னது, அது கழண்டா வாய்க்குள்ள போயிடும், அதனால எல்லாத்தையும் வாய்ல வைக்கற வயசுல இருக்கற புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க, குடுத்தாலும் பக்கத்துல ஒக்காந்துருங்க.

இதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் கிச்சன் செட் இருந்துச்சு, ஆன்லைன்ல வாங்குனது, பட்டனைத் தட்டுனா எண்ணெ பொரியற சத்தம், லைட்டு, பாட்டு எல்லாம் வரும். நாலு நாள்தான். அது சத்தம் போட்டா இவ அமைதியாயிடுவா. மரச்செப்பு சத்தமே போடாது, அதனால சத்தம் எல்லாம் இவ வாய்லதான் வரணும். "உஸ்ஸ்ஸ்"னு குக்கர், "டொக்கு டொக்கு"னு உரல். கொப்பரை ஒரு நாள் இட்லிக் கொப்பரை, ஒரு நாள் தொப்பி, ஒரு நாள் பஸ் ஸ்டியரிங். நான் அஞ்சுக்கு அஞ்சு குடுக்கறதுக்கு இதான் முக்கியமான காரணம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம்.

வாங்குன மொத வாரம், காலி டம்ளரை நீட்டி "அம்மா காப்பி, சூடு, ஊதிக் குடி"னா. நான் சும்மா இல்லாம டம்ளர் விளிம்பை நெஜமாவே கடிச்சேன். அவ பதறிப்போயி "ஐயோ கடிக்காத, அது சும்மா காப்பி!"னு புடுங்கிட்டா. மூணு வயசுகூட ஆகல. "சும்மா"னு ஒண்ணு, "நெஜம்மா"னு ஒண்ணு, ரெண்டும் வேறங்கறது அவளுக்குத் தெளிவா இருந்துச்சு. நம்ம புள்ளைங்க வெளையாட்டுல சும்மானாச்சுக்கும், உல்லுல்லாயிக்குனு எத்தனை வார்த்தை வச்சிருக்காங்க பாருங்க, எல்லாமே இந்தக் கோட்டைப் போடறதுக்குத்தான்.

நான் பி.எட். படிச்சப்ப, கொழந்தைங்க அறிவு எப்படி வளருதுனு ஆராஞ்ச பியாஜேங்கறவரு சொன்னதாப் படிச்சது, சின்னப் புள்ளைங்க மனசுல நெனைக்கறதையும் வெளில இருக்கறதையும் கொழப்பிக்குவாங்கனு. ஆனா அப்புறம் வந்தவங்க சோதிச்சுப் பாத்தது வேற மாதிரி. 1986-ல வெல்மன், எஸ்டஸ்னு ரெண்டு பேரு மூணு வயசுப் புள்ளைங்ககிட்ட ஒரு கதை சொன்னாங்க: ஒரு பையன்கிட்ட பிஸ்கட் இருக்கு, இன்னொரு பையன் பிஸ்கட்டை நெனச்சுக்கிட்டு இருக்கான், எந்த பிஸ்கட்டைத் தொட முடியும், எதைத் திங்க முடியும்? பெரும்பாலான புள்ளைங்க சரியாச் சொல்லிட்டாங்க, நெனப்புல இருக்கற பிஸ்கட்டைத் தொட முடியாதுனு. ஆலன் லெஸ்லி இன்னும் அழகா ஒண்ணு செஞ்சாரு, ரெண்டு காலி கப்புல சும்மா டீ ஊத்தச் சொல்லிட்டு, ஒண்ணை மட்டும் கவுத்துக் காட்டிட்டு, எந்தக் கப்பு காலினு கேட்டாரு. நெஜத்துல ரெண்டுமே காலி. ஆனா ரெண்டு வயசுப் புள்ளைங்க கவுத்த கப்பைத்தான் காட்டுச்சு. இதை நான் நம்ம மர டம்ளரை வச்சு செஞ்சேன், சின்னவ கவுத்ததைக் காட்டுனதோட விடாம "கொட்டிட்ட, தொடை"னு முந்தானையை எடுத்துக் கைல குடுத்துட்டா.

சரி, சும்மாவும் நெஜமும் தெரியுதுன்னா இவளுக்கு எல்லாம் புரிஞ்சிருச்சுனுதான நெனப்போம், நானும் அப்படித்தான் நெனச்சேன். அது இல்லங்கறது 3 வயசு 4 மாசத்துல தெரிஞ்சுது.

எங்க ஆச்சி வீட்டுல இருந்து வந்த மரப்பாச்சி ராஜா ராணி ரெண்டு கெடந்துச்சு, அதுங்களை செப்போட சேத்தேன். ராஜா ஒரு புளியங்கொட்டையை செவப்புப் பானைல போட்டு மூடிட்டு அருவிக்குக் குளிக்கப் போறாரு. அவரு போனதும் ராணி அதை எடுத்து பச்சைப் பானைல மாத்திடறா. ராஜா தலை தொவட்டிக்கிட்டு வராரு. புளியங்கொட்டையை எங்க தேடுவாரு? சின்னவ யோசிக்கவே இல்ல, பச்சைனுட்டா. "ராஜா எங்க வச்சாரு?" "செவப்பு." "இப்ப எங்க இருக்கு?" "பச்சை." "ராணி மாத்துனத ராஜா பாத்தாரா?" "பாக்கல." "அப்ப எங்க தேடுவாரு?" "பச்சை." எல்லாத்துக்கும் சரியான பதில் சொல்லிட்டுக் கடைசில பச்சை! பெரியவனுக்கு அப்ப ஆறு வயசு தாண்டிருச்சு, அவனால தாங்கவே முடியல, "ஏய், அவருக்குத் தெரியாதுல்ல, அவரு குளிக்கப் போயிட்டாருல்ல"னு கத்துறான். அவ அவனை ஒரு பார்வை பாத்துட்டு மறுபடியும் பச்சையையே தொட்டுக் காமிச்சா.

இது நான் கண்டுபிடிச்ச வெளையாட்டு இல்ல. 1983-ல ஆஸ்திரியால விம்மர், பெர்னர்னு ரெண்டு பேரு செஞ்சது, அவங்க கதைல மேக்ஸினு ஒரு பையன், சாக்லேட்டு, பச்சை நீல அலமாரி. அந்த ஆராய்ச்சில 3-4 வயசுல ஒரு புள்ளகூட சரியாச் சொல்லல, 4-6 வயசுல 57 சதவீதம், 6-9 வயசுல 86 சதவீதம். அப்புறம் வந்தவங்க கேள்வியை எளிசாக்கிக் கேட்டப்ப நாலு, நாலரைலயே நெறையப் புள்ளைங்க தேறுச்சு. 2001-ல வெல்மன் கூட்டாளிங்களோட சேந்து இந்த மாதிரி 178 ஆய்வை ஒண்ணாச் சேத்துப் பாத்தப்பவும் அதே படம்தான், மூணுல தப்பு, நாலு அஞ்சுல சரி. 2005-ல கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்துனு அஞ்சு நாட்டுப் புள்ளைங்ககிட்ட செஞ்சதுலயும் மூணு வயசுல பெரும்பாலும் தப்பு, அஞ்சு வயசுல பெரும்பாலும் சரினுதான் வந்துச்சு. ஸ்கூலுக்குப் போயி வர்ற அறிவு இல்ல, இது முளைக்கற மாதிரி முளைக்குது.

எனக்கு ரொம்பத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த சோதனைதான். இதுக்கு உள்ளே என்ன இருக்கும்னு பாத்ததுமே புள்ள சொல்லக்கூடிய டப்பா ஒண்ணு வேணும். ஹார்லிக்ஸ் பாட்டில் வச்சா வேலைக்காவாது, நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்னாலே உள்ள பருப்போ கடுகோதான்னு தெரியும். அதனால ஜெம்ஸ் டப்பா ஒண்ணு எடுத்து, மிட்டாயை எல்லாம் மாத்திட்டு உள்ள துவரம்பருப்பு போட்டேன். டப்பாவைக் காட்டி உள்ள என்னனு கேட்டேன், "ஜெம்ஸ்ஸு!"னு குதிச்சா. தெறந்தா பருப்பு. மூஞ்சி தொங்கிருச்சு (அப்புறமா நெஜ ஜெம்ஸ் குடுத்துட்டேன்). மூடிட்டு மெதுவா கேட்டேன், "தெறக்கறதுக்கு முன்னாடி இதுக்குள்ள என்ன இருக்கும்னு நீ நெனச்ச?" அவ சொல்றா, "பருப்பு."

ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ஜெம்ஸ்னு கத்துனது அவதான். "இல்லடா, நீ ஜெம்ஸ்னு சொன்னல்ல?" "இல்ல, பருப்புனுதான் நெனச்சேன்." அவ பொய் சொல்லல, சாதிக்கவும் இல்ல, முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது, நெஜமாவே அப்படித்தான் அவளுக்கு இருக்கு. 1988-ல கோப்னிக், ஆஸ்டிங்டன் ரெண்டு பேரும் ஸ்மார்ட்டீஸ் மிட்டாய் டப்பால பென்சில் போட்டு செஞ்சப்பவும் மூணு வயசுப் புள்ளைங்க நெறைய இதே மாதிரிதான், மொதல்லயே பென்சில்னுதான் நெனச்சேன்னு சொல்லிருக்காங்க. அப்ப அடுத்தவங்க நெனப்பு மட்டும் இல்ல, தன்னோட பழைய நெனப்பு தப்பா இருந்துச்சுங்கறதே அந்த வயசுல புடிபடறதில்ல. இப்ப என்ன உண்மையோ அதான் எல்லாருக்கும், எப்பவும்.

இதைப் பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ஏன்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் அவ போற ப்ளே ஸ்கூல்ல கூப்பிட்டு "உங்க பொண்ணு நெறையப் பொய் சொல்றா, மொதல்ல ஒண்ணு சொல்றா அப்புறம் நான் அப்படி சொல்லவே இல்லங்கறா"னு கம்ப்ளைண்ட் பண்ணாங்க, நானும் வீட்டுக்கு வந்து புள்ளையை ஏசிட்டேன். அவ ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டு நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. மூணு வயசுப் புள்ள "நான் அப்படிச் சொல்லல"ன்னா அது எப்பவும் ஏமாத்தறதா இருக்கணும்னு இல்லீங்க. ஏமாத்தணும்னா எதிர்ல இருக்கறவங்க மனசுல ஒரு தப்பான நெனப்பை உண்டாக்க முடியும்னு மொதல்ல தெரியணும். இதை ஸ்கூல்ல போயி அந்த ஜெம்ஸ் டப்பாவோடயே உக்காந்து சொன்னேன், பொறுமையாக் கேட்டுக்கிட்டாங்க.

இன்னொண்ணு, கேள்வி கேக்கற விதம். "எங்க தேடுவாரு"னு கேக்கறதுக்கும் "மொதல்ல எங்க தேடுவாரு"னு கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. 1991-ல சீகல், பீட்டினு ரெண்டு பேரு "மொதல்ல" சேத்துக் கேட்டப்ப மூணு வயசுப் புள்ளைங்க கூடுதலா சரியாச் சொல்லிருக்காங்க. அந்த "மொதல்ல"வை சேத்ததும் சின்னவ கை செவப்புக்குப் போயி, நின்னு, திரும்ப பச்சைக்கு வந்துச்சு. கண்ணும் அப்படித்தான், ராஜா வரும்போதே செவப்பை ஒரு தடவை பாக்கும், ஆனா வாயும் வெரலும் பச்சைங்கும். 1994-ல கிளெமன்ட்ஸும் பெர்னரும் இதையே பாத்துச் சொல்லிருக்காங்க, மூணு வயசை நெருங்கும்போதே கண்ணு சரியான எடத்தைப் பாத்துருது, பதில்தான் தப்பா வருதுனு. 2005-ல 15 மாசக் கொழந்தைங்களே இதைப் புரிஞ்சுக்குதுனு ஒரு ஆய்வு வந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் அந்த மாதிரி செஞ்சு பாத்தவங்களுக்கு அதே முடிவு எல்லா எடத்துலயும் கெடைக்கல, அந்தச் சண்டை இன்னும் ஓயல. எனக்கு என் புள்ள கண்ணைப் பாத்ததுல தோணுனது, உள்ள ஏதோ ஒண்ணு ஏற்கனவே மொளை விட்டிருக்கு, வார்த்தையா வெளில வர நாளாகுது.

ஆச்சி வீட்டு கொலுப் பெட்டில ஒரு மண் மாம்பழம் இருந்துச்சு, அசல் மாம்பழம் மாதிரியே. அதையும் அடுப்பாங்கரைக்குக் கொண்டாந்துட்டா. தொட்டுப் பாத்து மண்ணுனு தெரிஞ்சப்புறம் "பாக்கறதுக்கு என்ன மாதிரி இருக்கு?"ன்னா "மண்ணு", "நெஜமா என்னது?"ன்னா அதுக்கும் "மண்ணு". ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில். ஸ்டான்ஃபோர்டுல ஃப்ளேவல் 1983-ல கல்லு மாதிரி இருக்கற ஸ்பான்ஜை வச்சுக் கேட்டது இதேதான். ஆனா இதே புள்ள செப்புல கல்லைப் போட்டு "இது சும்மா உருளைக்கெழங்கு, நெஜம்மா கல்லு"னு சொல்லுவா! தானா வெளையாடும்போது ரெண்டையும் புடிச்சு வச்சுக்கத் தெரியுது, ஒரு பொருளே ஏமாத்துனா சிக்கிக்கறா.

இந்த எடத்துல பூச்சாண்டியைப் பத்தி சொல்லியே ஆகணும். புள்ளைக்குத்தான் சும்மாவும் நெஜமும் தெரியுமே, அப்ப பூச்சாண்டினு சொன்னா என்ன, வெளையாட்டுதானனு எங்க சொந்தத்துலயே கேக்கறாங்க. இல்லீங்க. தான் ஆரம்பிச்ச வெளையாட்டு வேற, பெரியவங்க மூஞ்சியை சீரியஸா வச்சுக்கிட்டு சொல்றது வேற. கண்ணால பாக்க முடியாத விஷயத்துல புள்ளைங்க நம்மளைத்தான் நம்புது, கிருமி இருக்குனு நாம சொன்னா நம்புதுல்ல, பூச்சாண்டி இருக்குனு சொன்னாலும் அப்படியேதான் நம்பும். அது மட்டும் இல்ல, பால் ஹாரிஸ் கூட்டாளிங்களோட 1991-ல ஒண்ணு செஞ்சாரு, காலிப் பெட்டிக்குள்ள ஒரு பூதம் இருக்கறதா நெனச்சுக்கோனு புள்ளைங்ககிட்ட சொன்னாரு. நாலு வயசு, ஆறு வயசுப் புள்ளைங்க, எல்லாம் சும்மாதான்னு நல்லாவே சொல்லுது, ஆனா தனியா விட்டதும் சில புள்ளைங்க போயி பெட்டியை எட்டிப் பாக்குது, ஒருவேளை இருந்துட்டா? இல்லனு தெரிஞ்சும் பயம் வரும். நமக்கே ராத்திரி கெணத்தடிப் பக்கம் போனா வருதுல்ல. சோறு திங்கறதுக்காக அந்தப் பயத்தை நாமளே கொண்டுபோயி உள்ள வைக்காதீங்க, தயவு செஞ்சு.

மாறுனது 4 வயசு 2 மாசத்துல. நான் சோதிக்கக்கூட இல்ல அன்னைக்கு. எங்க அம்மா வந்திருந்தாங்க, புள்ளைங்களுக்கு ஆச்சி. ரெண்டு பேரும் செப்பு வச்சு பொங்கல் வச்சுக்கிட்டு இருந்தாங்க, தூறல் போட்டுச்சு, ஆச்சி காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாங்க. சின்னவ அவசர அவசரமா செவப்புப் பானைல இருந்த அரிசியை எடுத்து திருகைக்கு அடில கொட்டிட்டு, பானையை முன்ன இருந்த மாதிரியே மூடி வச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு என்கிட்ட ஓடி வந்து காதுல சொல்றா, "ஆச்சி பானையைத்தான் தெறப்பா. அவளுக்குத் தெரியாது. சொல்லிராத."

நான் அடுப்புல வச்ச பாலை மறந்துட்டேன். ஆச்சி வந்து பானையைத் தெறந்து "ஏட்டி, அரிசி எங்கட்டி?"னு கேட்டப்ப அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுவரைக்கும் நான் அவகிட்ட கேக்காத சிரிப்பு. இன்னொருத்தர் தலைக்குள்ள இருக்கறது தன் தலைக்குள்ள இருக்கறதுல இருந்து வேறயா இருக்குங்கறதப் பாத்து வந்த சிரிப்பு. அன்னைக்கு சாயங்காலமே ராஜா ராணி கதையைச் சொன்னேன், "செவப்பு"னா உடனே, "ஏன்?"னு கேட்டா "அவரு அங்கதான் இருக்குனு நெனச்சுட்டு இருக்காரு, பாவம்". ஜெம்ஸ் டப்பால இப்ப பட்டன் போட்டு வச்சேன். "மொதல்ல ஜெம்ஸுனு நெனச்சேன், ஏமாந்துட்டேன்." நாலாவது நாளே வாயெல்லாம் வெல்லத்தை அப்பிக்கிட்டு "நான் வெல்லம் திங்கவே இல்லியே"னு ஒரு நெஜப் பொய்யும் வந்துருச்சு. இதைத்தான் மொதப் பொய்னு நான் கணக்குல வைக்கறேன்.

இதுக்கு செப்பு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். அண்ணன்காரன் ஒருத்தன் இருக்கறது பெரிய விஷயம், 1994-ல பெர்னர், ரஃப்மன், லீக்கம் மூணு பேரும் கூடப்பொறந்தவங்க இருக்கற புள்ளைங்க இதுல கொஞ்சம் முந்திக்கறதாக் காட்டிருக்காங்க. பேச்சும் முக்கியம். காது கேக்காத புள்ளைங்களுக்கு, வீட்டுல சைகை மொழி தெரிஞ்சவங்க யாரும் இல்லாம வளந்தா, இது ரொம்பத் தாமதமா வருதுனு 1995-ல பீட்டர்சன், சீகல் சொன்னாங்க. நெனச்சேன், மறந்துட்டேன், தெரியாமப் போச்சு, ஏமாந்துட்டேன், இந்த மாதிரி வார்த்தை புள்ள காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். செப்பை வச்சு ஒக்காந்தா இந்த வார்த்தையெல்லாம் தானா வரும், "ஐயோ உப்பு போட்டேன்னு நெனச்சேன், போடலியா?"னு நீங்களே சொல்லுவீங்க. பொம்மையை வாங்கிக் குடுத்துட்டு நாம போனோட தள்ளி ஒக்காந்தா மரமா இருந்தாலும் பிளாஸ்டிக்கா இருந்தாலும் ஒண்ணுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த மேக்ஸி கதையையே கொஞ்சம் மாத்தி, 1985-ல லண்டன்ல சாலி, ஆன்னு ரெண்டு பொம்மையை வச்சு பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் ஒரு சோதனை செஞ்சாங்க. ஆட்டிசம் இருந்த 20 புள்ளைங்கள்ல 4 பேருதான் சரியாச் சொன்னாங்க, டவுன் சிண்ட்ரோம் இருந்த 14 பேருல 12 பேரு சரி, இது ரெண்டும் இல்லாத, நாலரை வயசுவாக்குல இருந்த 27 புள்ளைங்கள்ல 23 பேரு சரி. இதைப் படிச்சுட்டு வீட்டுல புளியங்கொட்டையை ஒளிச்சு வச்சு உங்க புள்ளைக்கு நீங்களே பேரு வைக்காதீங்க. தூக்கம் வந்தாலும் தப்பாச் சொல்லும், கேள்வி புரியலன்னாலும் தப்பாச் சொல்லும், சலிச்சுட்டாலும் தப்பாச் சொல்லும். பேச்சுலயோ பழகறதுலயோ சந்தேகம் இருந்தா புள்ளைங்க வளர்ச்சி பாக்கற டாக்டர்கிட்ட நேராப் போயிருங்க. அப்புறம், தப்பாச் சொல்லும்போது திருத்தாதீங்க. நான் திருத்திப் பாத்தேன், மறுநாளும் பச்சைதான்.

வாங்கறவங்களுக்கு: மூடி போட்ட பானை ரெண்டு வெவ்வேற கலர்ல இருக்கற செட்டா பாத்து எடுங்க, ஒரே கலர்னா இந்த வெளையாட்டு சரியா வராது. மூடி ரொம்ப இறுக்கமா இருந்தா சின்னக் கை தெறக்க முடியாம அழும், கடைலயே தெறந்து மூடிப் பாருங்க. தண்ணில போடாதீங்க, அழுக்கானா ஈரத்துணியால தொடச்சு ஒரு சொட்டு தேங்கா எண்ணெ தடவுங்க. எங்க செட்டுல வெடிச்ச குடத்தைத் தவிர உலக்கை ஒண்ணு காணும், சின்னவளைக் கேட்டா "அண்ணன் வந்து தேடுவான், அதான் வச்சிருக்கேன்"ங்கறா, எங்கனு என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறா.